முகத்தைத் திருப்பிக்கொண்டு போன படகுகள்

நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் அதில் ஒருவன் தலைவன் ஆகிவிடுகிறான். மற்ற மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த தலைவனால் பெரிய கெடுதல் வராது. யாரும் கேட்காமல் தானே தலைவனாகிக்கொள்கிறவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, வைகை ஆற்றில் நான் அப்படி ஒரு தலைவனாக இருந்தேன். என் தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை அன்றைக்கு ஆற்றில் தொலைத்தேன். மறுநாள் காலையில் நிச்சயதார்த்தம்.

(மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். இப்போதும் இருக்கிறார். முழங்கால் வலி தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம்.)

அப்போது நான் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, ஆனால் விதிமுறைகள் அத்தனையும் தலைக்குள் இருந்தன. வேறு எதற்கும் அங்கே இடம் இல்லை. ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டால் அந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். (மீதிப் பாதி எப்படி முடியாமலே கிடக்கும் என்பதை ஓய்வு பெறும் நாள் வரை பார்த்தேன்.)

சிம்மக்கல்லில் எங்கள் தெருவிலேயே பாண்டி என்று ஒரு நண்பன் இருந்தான். அவனுடைய அப்பாவுக்குத் தார்ப்பாய்க் கடை. பழைய பேப்பர் கட்டில் வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், நீளமான ஒல்லிப் படகில் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற படத்தைப் பார்த்தான். கயாக் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மூங்கிலைப் பிளந்து கூடு கட்டி, அதன் மேல் தார்ப்பாயை இழுத்துத் தைத்து, தையல் முழுக்கத் தார் பூசி, கடையின் பின்கட்டில் அதே மாதிரி நாலு படகு செய்துவிட்டான். இரண்டு முனையிலும் பலகை அடித்த மூங்கில்தான் துடுப்பு. பார்ப்பதற்கு நாலும் பெரிய கருப்பு வாழைப்பழம் மாதிரி இருந்தன. மிதந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

"சோழவந்தான்ல எறக்குனம்னா ஆத்தோட போக்குல மதுரைக்கே வந்துரலாம்ணே. இடுப்பளவு தண்ணிதான் போகுது" என்றான் பாண்டி.

அதே வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ளயோட ஒரு நா எங்கயாச்சும் போய்ட்டு வாடா. எப்பிடிப்பட்ட ஆளுன்னு பழகிப் பாரு" என்றார். அவர் மனதில் இருந்தது ஒரு சினிமா, இரண்டு காபி. நான் ஆற்றைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டமாகப் போகும் போது ஒருவன் அடுத்தவனுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறான், சொன்ன பேச்சை எப்படிக் கேட்கிறான் என்பதை வைத்து அவன் குணத்தை எடைபோட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

மாப்பிள்ளையின் பெயர் செல்வராஜ். பழங்காநத்தத்தில் வீடு, மில் ஆபீசில் கணக்கர் வேலை. அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அதற்கு முன் என் தங்கை வசந்தாவுக்கு இரண்டு வரன்கள் முடிகிற மாதிரி வந்து கலைந்திருந்தன. இவர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, வசந்தா அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்ற பயம்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் அனுமதி கேட்க நானே நேரில் போனேன்.

"எதுல போறீங்க தம்பி?" என்று கேட்டார்.

"வேன்ல அத்தை. சோழவந்தான் வரைக்கும்."

"அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆத்துல குளிக்கிறேன் அது இதுன்னு எறங்கிறாம பாத்துக்கங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள எம்புள்ள வீட்டுல இருக்கணும்."

இருப்பார் என்றேன். திரும்பி வருவது எதில் என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் ஆபீஸ் வழக்கம் இல்லை.

நாலாவது ஆள், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் சுந்தரம் அண்ணன். நல்ல கனத்த உடம்பு, அதைவிட இளகின மனசு. நான் எழுதிய பயண விதிகளை அவர்தான் கார்பன் வைத்து நாலு பிரதி அடித்துக் கொடுத்தார். படகு கவிழ்ந்தால் பிரதி நனையுமே என்று கேட்டார். நனைவதற்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்றேன்.

அந்த விதிகளில் பெரும்பாலானவை இப்போது படித்தாலும் ஒழுங்கானவைதான். யாரும் யாரையும் முந்தக் கூடாது. மெதுவாக வருகிறவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மீன் வலை போட்டிருந்தால் சுற்றிப் போக வேண்டும். சாப்பிட்ட இலையைத் தண்ணீரில் போடக் கூடாது. ஆளுக்கொரு ஸ்கூட்டர் டியூபைக் காற்றடித்து மாலை மாதிரி குறுக்கே போட்டுக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரியாதவர் தென்கரையை ஒட்டியே வர வேண்டும். தலைவர் எல்லாருக்கும் கடைசியில் வருவார். (எங்கள் செக்‌ஷனில் சூப்பிரண்டு கடைசி மேசையில்தான் உட்காருவார். அங்கேயிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும் தெரியும்.)

இதற்கெல்லாம் மேலே, நான் மிகவும் பெருமைப்பட்ட விதி ஒன்று இருந்தது. ஆற்றங்கரை ஊர்களில் பெண்கள் குளிக்கும் துறைகள் இருக்கும். நாலு ஆம்பளைகள் திடீரென்று ஆற்று வழியாக வந்து நின்றால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம். அதனால் துறை கண்ணில் பட்டதும் தலைவர் ஒரு விசில் ஊதுவார். உடனே எல்லாரும் எதிர்க்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பேசவும் கூடாது. துறை தாண்டியதும் தலைவர் மறுபடி ஊதுவார். அதுவரைக்கும் என்ன ஆனாலும் யாரும் திரும்பக் கூடாது.

'என்ன ஆனாலும்' என்ற இரண்டு வார்த்தையைச் சுந்தரம் அண்ணன் அடிக்கோடு போட்டு அடித்திருந்தார். நான் சொல்லித்தான்.

வெற்றிலை ஏற்றப் போகிற வேனில் படகுகளைக் கட்டிக்கொண்டு விடியும்போதே சோழவந்தான் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை படகுகளை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "நாலு பேருக்கும் ஒரே படகு இல்லையா மச்சான்?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விதிப் பிரதியை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், காலை முழுக்கப் பயணம் அருமையாக இருந்தது. முன்னால் பாண்டி, அடுத்துச் சுந்தரம் அண்ணன், மூன்றாவது மாப்பிள்ளை, கடைசியில் நான். மழை விட்டு வெளுத்த வானம். ஆற்றின் போக்கே எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. சுந்தரம் அண்ணனின் படகு மட்டும் அடிக்கடி மணலில் தட்டி நின்றது. அப்போதெல்லாம் மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே இறங்கி, தள்ளிவிட்டு, மறுபடி தன் படகில் ஏறிக்கொண்டார். மீன் வலை வந்தபோது ஒதுங்கினார். புளியோதரை சாப்பிட்ட இலையைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார். மனதுக்குள் அவருக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். பத்துக்குப் பத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

மேலக்கால் என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவு. வளைந்ததும் தென்கரையில் பெரிய துறை. ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள் போலிருக்கிறது, துணி துவைக்கும் சத்தம் கல்லுடைக்கிற மாதிரி கேட்டது. நான் விசிலை ஊதினேன். நாலு தலையும் வடகரைப் பக்கம் டக்கென்று திரும்பின. குடியரசு தின அணிவகுப்பில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

வடகரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு எருமை நின்றது. அதையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டோம்.

துறையில் முதலில் சத்தம் நின்றது. பிறகு ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இதை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு கூப்பாடாக மாறியது.

"ஏய்யா, இங்கிட்டுத் திரும்பிப் பாருங்கய்யா!"

விதியை மீறி முதலில் பேசியவன் பாண்டி. "அண்ணே, திரும்பிப் பாக்கச் சொல்றாங்கண்ணே."

"பேசக் கூடாதுன்னு இருக்குல்ல."

"ரொம்பக் கத்துறாங்கண்ணே. ஏதோ சொல்ல வாராங்க."

"கேலி பண்றாங்கடா. மாப்ளைக்கு முன்னாடி என் மானத்த வாங்காம வேகமாப் போடு."

நாங்கள் வேகமாகப் போட்டோம். கூப்பாடும் பெரிதாகிக்கொண்டே வந்து, பிறகு பின்தங்கித் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனபிறகு ஊதலாம் என்று இருந்தேன். மரியாதையில் கஞ்சத்தனம் கூடாது. கடைசியில் நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு, "எப்பிடி மாப்ள நம்ம ஏற்பாடு?" என்று கேட்டபடி சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது.

"முன்னாடி போயிட்டாரோ?" என்றார் சுந்தரம் அண்ணன்.

"நான்தான முன்னாடி வாரேன்" என்றான் பாண்டி.

மூவரும் ஆற்றைப் பார்த்தோம். மேலேயும் கீழேயும் ஒரு படகும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் எங்காவது ஒதுங்கியிருப்பான், விளையாட்டு காட்டுகிறான் என்று நினைக்கலாம். செல்வராஜ் விதியை மீறுகிற ஆள் இல்லை. காலையிலிருந்து பார்த்துப் பார்த்து நான் மார்க் போட்ட அந்தக் குணமே இப்போது என்னைப் பயமுறுத்தியது. அந்த மனிதர் தண்ணீருக்குள் போயிருந்தாலும் பேசாமல் போயிருப்பார்.

இடுப்பளவு தண்ணீர்தானே என்று பாண்டி சொன்னான். ஒரு முழத் தண்ணீரில் ஆள் போன கதை அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் துறையை நோக்கி ஓடினோம். பார்த்தவர்கள் அவர்கள்தான், அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அது பெண்கள் துறை. அந்தப் பயத்திலும் என் மூளை விதியை விடவில்லை. மற்ற இருவரையும் மரத்தடியில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் திரும்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து துறைக்குப் போனேன்.

"அம்மா, மன்னிக்கணும்" என்றேன், ஒரு பனைமரத்தைப் பார்த்து.

"யாருய்யா அது, முதுகக் காட்டிக்கிட்டு வாரது?" கணீரென்று ஒரு பெண் குரல்.

"எங்களோட வந்த ஒருத்தரக் காணோம்மா."

"காணாம என்ன செய்யும்? தொண்ட கிழியக் கத்துனோம்ல? செவுட்டுப் பயலுகளா நீங்க? தண்ணியத் திருப்ப ஆத்துக்குள்ள மணலும் தழையுமாக் கொரம்பு போட்டிருக்கு. அந்தப் புள்ள அதுமேல ஒரசிக்கிட்டே வழுக்கி வாய்க்காலுக்குள்ள போகுது. போறவனும் அங்கிட்டே பாத்துக்கிட்டுப் போறான், நீங்களும் அங்கிட்டே பாத்துக்கிட்டுப் போறீக. அப்பிடி என்னதான்யா இருக்கு அந்தக் கரையில?"

உண்மையைச் சொன்னேன். "எருமைம்மா."

 துறையில் எழுந்த சிரிப்பு எதிர்க்கரையில் நின்ற அந்த எருமைக்கே கேட்டிருக்கும்.

"சிரிக்காதீங்கடி" என்று அதே கணீர்க் குரல் அதட்டியது. "யோவ், வாய்க்கால்ல கொஞ்ச தூரத்துல ரோட்டுப் பாலம் இருக்கு. தணிஞ்ச பாலம். தண்ணி ஒசந்து, அடியில ஆள் நிமிர எடமில்ல. குனியணும்னு தெரியுமா அவனுக்கு? நின்னு பேசிக்கிட்டிருக்க. ஓடு."

ஓடினேன். (முதல் பத்தடி பின்பக்கமாகவே ஓடினேன் என்று பாண்டி இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.)

வாய்க்கால் கரையோரம் இரண்டு பக்கமும் வாழை. நடுவில் தண்ணீர் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. சுந்தரம் அண்ணன் அந்த உடம்போடு எங்களுக்குச் சமமாக ஓடி வந்தார். பாலம் தெரிந்தது. பாலத்தின் வாயில், குப்பையோடு குப்பையாக, ஒரு ஸ்கூட்டர் டியூப் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. காற்றுப் போய்ச் சுருங்கிக் கிடந்தது.

சுந்தரம் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாண்டி சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். நாளைக் காலை வருவதற்குப் பழங்காநத்தத்தில் தட்டுகள் துடைத்து வைத்திருப்பார்கள். வெளக்கு வைக்கிறதுக்குள்ள என்று சொன்ன அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்வது? அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய், அடுப்படியில் சிரித்தவளிடம் என்ன சொல்வது? இதற்கு ஒரு விதியும் என் தலைக்குள் இல்லை.

பாண்டி மூச்சு வாங்க எழுந்தான். "அடியில ஒண்ணும் இல்லண்ணே. படகும் இல்ல, ஆளும் இல்ல. அந்தப் பக்கம் போயிருச்சு."

ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் ஓடியபோது, எதிரே ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தார். எங்கள் கழுத்தில் கிடந்த டியூபுகளைப் பார்த்ததும் இறங்கிக் கும்பிட்டார்.

"நீங்களும் ஆபீசர் கூட வந்தவுகளா?"

"எந்த ஆபீசர்?"

"வாய்க்காலப் பாக்கப் படகுலயே வந்திருக்காரே, அவருதான். கண்மாய்க் கரையில உக்காந்திருக்காரு. எத்தன வருசமா மனுக் குடுத்தோம். வந்தாரு பாருங்க, தண்ணியோட தண்ணியா. மனுசன்னா அவருதான்யா."

கண்மாய்க் கரையில் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு செல்வராஜ் உட்கார்ந்திருந்தார். கையில் இளநீர். அவருடைய துணி பக்கத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஊரே நின்றது. ஒரு பெரியவர், வாய்க்கால் எங்கெங்கே மண்மூடிக் கிடக்கிறது என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். செல்வராஜ் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய் அவர் இரண்டு தோளையும் பிடித்தேன். கையைத் தொட்டேன், தலையைத் தொட்டேன். நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பாலத்துக்கு அடியில் படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டாராம், டியூப் மட்டும் அறுந்துபோயிருக்கிறது. அந்த இடத்தில் நான் அழுதேன். வெயிலில் கண் கூசுகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். மேகமூட்டமாக இருந்தது.

"ஏன் மாப்ள ஒரு சத்தம் குடுக்கல?"

"ரெண்டாவது விசில் வரலையே மச்சான்."

"வாய்க்காலுக்குள்ள போறது தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. ரெண்டு பக்கமும் வாழையா வந்துச்சு. ஆத்துக்குள்ள ஏது வாழைன்னு யோசிச்சேன். என்ன ஆனாலும்னு போட்டிருந்துச்சே, அடிக்கோடு வேற."

சுந்தரம் அண்ணன் என்னைப் பார்க்காமல் கண்மாயைப் பார்த்தார்.

பெரியவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "அய்யா மில்லுல வேல பாக்குறேன், மில்லுல வேல பாக்குறேன்ங்கிறாரு. ஆபீசர்னு ஒத்துக்கிட்டா நாங்க வேலைய முடிச்சுக் குடுன்னு கேப்போம்னு பயம்."

செல்வராஜ் அப்போது கட்டிலை விட்டு எழுந்தார். எவ்வளவு சாது என்று நான் மார்க் போட்டிருந்தேனோ, அந்த மனிதர், என் கையைப் பிடித்து அதே கட்டிலில் உட்கார வைத்தார்.

"பெரியவரே, நான் நெசமாவே மில்லுதான். இந்தா வந்திருக்காருல்ல எங்க மச்சான், இவருதான் கலெக்டர் ஆபீஸ்."

ஊர் மொத்தமும் ஒரு சுற்று நகர்ந்து என்னைச் சூழ்ந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. நான் சாதாரணக் குமாஸ்தா, இதெல்லாம் வேறு துறையின் வேலை, உரிய வழியில் விண்ணப்பிக்க வேண்டும் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்று சொல்லும்போதும் இவர் நிஜமான ஆபீசர்தான் என்று அவர்கள் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கு இளநீர் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிய டிராக்டரில் நாலு பேரும் தார்களுக்கு மேலே உட்கார்ந்து வந்தோம். பழங்காநத்தம் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா வாசல் மாடத்தில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார். தீக்குச்சி இன்னும் அணையவில்லை.

"வேட்டி யாருதுடா?" என்றார்.

"ஆத்துல கால நனைச்சோம்மா. துணி ஈரமாயிருச்சு" என்றார் மாப்பிள்ளை. "மச்சான் பத்திரமாப் பாத்துக்கிட்டாரு."

வீடு திரும்பி நான் தூங்கிய தூக்கத்துக்குப் பெயர் தூக்கம் இல்லை. எல்லாம் முடிந்தது, யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வழி இல்லை என்ற நிம்மதியில் விழுந்து கிடந்தேன்.

மறுநாள் காலை எங்கள் வீடு நிறையக் கூட்டம். தட்டுகள் வந்தன. அப்பா வெள்ளை வேட்டியில் மிதந்துகொண்டிருந்தார். உறவுக்காரர்களுக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது, பெண்கள் உட்கார்ந்திருந்த உள்கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கணீரென்ற குரல்.

"நேத்து எங்க துறையில ஒரு கூத்துக்கா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. நாலு கிறுக்கனுக, நீட்டுநீட்டமா ஏதோ கருப்பா மிதக்க விட்டு, கழுத்துல டயரு டியூபு..."

அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். மெதுவாக மாப்பிள்ளையிடம் போய்க் குனிந்து, யார் அது என்று கேட்டேன்.

"எங்க சின்னம்மா" என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது. "அம்மாவோட தங்கச்சி. அது அவங்க ஊரு போலருக்கு மச்சான். நான் பஸ்ஸுலதான போயிருக்கேன். ஆத்துப் பக்கமிருந்து பாத்ததில்ல."

"நேத்தும் பாக்கல."

"எங்க பாக்க விட்டீங்க?"

உள்ளே கதை வளர்ந்துகொண்டிருந்தது. எருமை வந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊருக் கிறுக்கனுகளோ, யாரு பெத்த புள்ளைகளோ" என்று சொல்வது கேட்டது. அந்த நேரத்தில் அப்பா, "டேய், உள்ள பெரியவங்களுக்கு வெத்தலத் தட்டக் குடு" என்றார்.

தப்பிக்க வழி இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் போய்விடலாம் என்று திரும்பி நின்றே நீட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ தவறான முடிவுகளை எடுத்திருக்கிறேன், இதற்கு நிகராக ஒன்று இல்லை.

சின்னம்மா பேச்சை நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் பனமரத்த ஒரு தரம் பாருங்க."

"இங்க பனமரம் இல்லம்மா" என்றேன். குரலும் நானே கொடுத்தேன்.

 மாப்பிள்ளையின் அம்மா என் முதுகையும் தன் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "செல்வம்" என்று கூப்பிட்டார். அவர் வந்து நின்றார். நெற்றிச் சிராய்ப்பில் சந்தனம் பூசியிருந்தது. அம்மா அதை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"வாய்க்காலுக்குள்ள போன புள்ள நீதானா?"

"ஆமாம்மா."

கதவோரம் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். புதுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது வரனும் போயிற்று, இந்தத் தடவை கலைத்தவன் கூடப்பிறந்தவனே. அப்பா நின்ற இடத்திலேயே உட்கார நாற்காலி தேடினார்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கையிடம் கேட்டார். "ஏண்டி, நாலு பேர்ல ஒருத்தன்கூடவா திரும்பிப் பாக்கல?"

"ஒருத்தன்கூடப் பாக்கலக்கா. நாங்க அம்புட்டுப் பேரும் கூப்பாடு போடுறோம். பாருங்க பாருங்கன்னு கெஞ்சாத கொற. உம்புள்ள பாலத்துல இடிக்கப் போறான், அப்பயும் பாக்கல. இந்தத் தம்பி வந்து பேசுனாரே, அப்பயும் பாக்கல. இந்தா, இப்பயும் பாக்கல."

மாப்பிள்ளையின் அம்மா என் முதுகை மறுபடி மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அது ஒரு முழு வருஷம். பிறகு என் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார்.

"கிறுக்கு இருக்குற வீடுதான்" என்றார். "ஆனா பொம்பளைக இருக்குற எடத்துல ஆம்பளைக எப்பிடி நடந்துக்கணும்னு தெரிஞ்ச வீடு. தட்ட மாத்துங்கய்யா, நேரமாகுது."

தட்டு மாறியது. அப்பா அன்றைக்கு என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, அன்றைக்கு ஏன் அப்படி உயிரைக் கொடுத்து விதியைக் கட்டிக்கொண்டு போனீர்கள் என்று வசந்தா அவரிடம் கேட்டிருக்கிறாள். "உங்க அண்ணன் என்னையச் சோதிக்கிறாருன்னு தெரிஞ்சுச்சு. நான் திரும்பிப் பாத்து, பொண்ணு இல்லன்னு சொல்லிட்டா?" என்றாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோது மட்டும் நான் சிரிக்கவில்லை.

சின்னம்மா இப்போது இல்லை. இருந்தவரை என்னை எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க தம்பி, அப்பத்தான எனக்கு ஆள் அடையாளம் தெரியும்" என்பார். அது அவரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். போன மாதம் வசந்தாவின் பேத்திக்குக் காதுகுத்து. குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றோம். போட்டோக்காரர் தயார் என்றதும், பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு சின்னப் பெண், நான் பெயர்கூட அறியாதவள், "விசில் தாத்தா மட்டும் திரும்பி நிக்கணும்" என்றாள். கூட்டம் மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது. மாப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி நின்றேன். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. முப்பது முகம் சிரிக்க, நடுவில் ஒரு முதுகு. புதிதாக வருகிறவர்கள் இது யார் என்று கேட்காமல் போவதில்லை.